தாத்தா மட்டும் வாயைக் கட்டினாரா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 34 வயது, சொந்த ஊர் நாமக்கல் பக்கம், பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஐடி வேலை, உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. கல்லூரி முடித்தபோது 69 கிலோ. "எங்கள் தாத்தா மூன்று வேளையும் குவித்துப் போட்டுச் சாப்பிட்டார், சாகும் வரை ஒட்டிய வயிறு. நான் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை. ஜிம்முக்கும் பணம் கட்டிப் பார்த்துவிட்டேன், டயட்டும் இருந்து பார்த்துவிட்டேன், இறங்கிய எடை ஆறே மாதத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்கிறார் அப்பா. அவ்வளவுதானா விஷயம்?"

நான் இந்த ஊரில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிற தமிழர்களில் அல்சூர், பானஸ்வாடி பக்கத்துப் பழைய குடும்பங்களும் உண்டு, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் குடிவந்த புது ஆட்களும் உண்டு, எல்லோரும் சுற்றிவளைத்துக் கேட்பது இதைத்தான். அப்பா சொல்வது தப்பு. உங்கள் தாத்தாவும் வாயைக் கட்டவில்லை. அவருக்கு அதற்கான தேவையே வரவில்லை, ஏனென்றால் வேண்டிய கட்டெல்லாம் வெளியே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டில் முறுக்கு வேண்டுமென்றால் அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, சலித்து, அப்புறம் விறகடுப்பு முன்னால் அரை நாள் உட்கார்ந்து பிழிந்து எடுக்க வேண்டும், அதனால் அது தீபாவளிக்கு வந்தது. எண்ணெய் செக்கிலிருந்து தூக்கில் வந்தது, அளந்து அளந்துதான் ஊற்றினார்கள். இட்லி தோசைகூடப் பல வீடுகளில் விசேஷ நாள் பலகாரம், மற்ற நாளெல்லாம் களி, கூழ், பழையது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆசைப்பட்டாலும் ஊரில் கடை கிடையாது, கடை இருந்தாலும் கையில் காசு கிடையாது. இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை, அதே ஊரில் அதே காலத்தில் சத்தில்லாமல் செத்த குழந்தைகளின் கணக்கு வேறு இருக்கிறது. சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஒரு தடை இருந்தது, அந்தத் தடைகளெல்லாம் ஒன்றொன்றாகப் போய்விட்டன, போன இடத்தில் உங்கள் மனசை நிறுத்தி "நீ பார்த்துக்கொள்" என்று விட்டுவிட்டோம். அது நாள் முழுக்கக் காவல் நிற்கிற ஆள் இல்லை.

குவித்துப் போட்டுச் சாப்பிட்ட சோறு எங்கே போனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரி போதும், அதே எடையுள்ள ஆள் கடுமையான உடலுழைப்பில் இருந்தால் 3,470 வேண்டும். இடையில் 1,360 கலோரி, அது ஒரு ஆளின் இரண்டு வேளைச் சாப்பாடு. பெண்களுக்கு 1,660-ம் 2,720-ம். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கயிறும் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிற ஆண்கள் யாரும் அதில் மாவாட்டியதில்லை. ஆனால் அந்த ஆயிரம் கலோரி எங்கேயோ போகத்தானே வேண்டும்.

உழைப்பு குறைந்ததுதான் முழுக் காரணம் என்று இதை முடித்துவிடவும் முடியவில்லை. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளர் அளந்து 2012-ல் வெளியிட்டார். நாள் முழுக்க நடக்கிறவர்கள், ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவர்கள் செலவழிக்கும் மொத்த கலோரி அமெரிக்க நகரவாசி செலவழிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. உடல் எங்கேயோ மிச்சம் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்கிறது. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஜிம்முக்கு மட்டும் போய் எடை குறைக்கப் பார்க்கிறவர்கள் ஏன் ஏமாந்து போகிறார்கள் என்பதற்கு மட்டும் இதில் பாதி பதில் இருக்கிறது. மீதி பாதி, ஜிம்மிலிருந்து வெளியே வந்ததும் எதிரில் இருக்கிற ஜூஸ் கடை.

இப்போது உங்கள் 15 கிலோவுக்கு வருவோம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் 2011-ல் ஒரு எளிய கணக்கு கொடுத்தார்: நாளுக்கு 24 கலோரி கூடுதலாக நிலைத்துவிட்டால் எடை நாளடைவில் ஒரு கிலோ ஏறி அங்கே நிற்கும், பாதி முதல் வருடத்திலேயே வந்துவிடும், ஏறக்குறைய முழுசும் மூன்று வருடத்தில். அப்படியானால் உங்கள் 15 கிலோவைத் தாங்கி நிற்பது நாளுக்குச் சுமார் 360 கலோரி. அதாவது முழுப் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஒரு காபி, கூட ஒரு சமோசா. வாயைக் கட்டத் தெரியாதவன் தின்கிற அளவா இது? தின்றதாகவே நினைவில் நிற்காத அளவு.

நினைவு என்றதும் அந்த "பாதிகூடச் சாப்பிடுவதில்லை" ஞாபகத்துக்கு வருகிறது. கோபப்படாதீர்கள், நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. 1992-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை எடுத்து, எழுதிக்கொடுத்ததையும் உண்மையில் உள்ளே போனதையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலை அசைத்ததை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் உடம்பு கலோரி எரிப்பதில் ஒரு குறையும் இல்லை. தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும்தான் மனசில் சாப்பாடாகப் பதிகிறது. மீட்டிங்கில் கை நீட்டி எடுத்த பிஸ்கட், குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே வாயில் போட்ட ஒரு பிடி மிக்சர், இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

இந்த ஊரில் ஒரு சாதாரண நாள் எப்படி அமைகிறது என்று பாருங்கள். காலையில் கேப் வந்துவிடும் என்ற அவசரத்தில் டிபன் போச்சு. ஊர் ஊராகப் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனம் 2022-க்குக் கணக்கிட்டபடி பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக 29 நிமிடம் 10 விநாடி, அது சராசரி, சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறரை மணிக்கு நின்றவர்களுக்கு அந்தச் சராசரி பெரிய நகைச்சுவை. ஆபீஸில் லிஃப்ட், நாற்காலி, பத்தடி தூரத்தில் இலவச காபி மெஷின், அதன் பக்கத்திலேயே கண்ணாடி ஜாடியில் குக்கீஸ். பதினொரு மணிக்குப் பசி, அதற்கு மெஷின் காபியும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் கேஃப்டீரியாவில் வடநாட்டுத் தட்டு, பனீர் மிதக்கும் எண்ணெயோடு. நாலு மணிக்குக் கீழே இறங்கினால் டீக்கடை, பஜ்ஜி, அல்லது அய்யங்கார் பேக்கரியில் காரா பன்னும், தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தும் (தில்பசந்தை நான் குறை சொல்லப் போவதில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை). வீடு திரும்ப எட்டரை, ஒன்பது. அதற்குமேல் குக்கர் வைக்க யாருக்குத் தெம்பிருக்கிறது? ஸ்விக்கி 2014-ல் இந்த ஊரில்தான் ஆரம்பித்தது, இப்போது மளிகைகூடப் பத்து இருபது நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. பத்து மணிக்குச் சாப்பாடு, பதினொன்றரை வரை அமெரிக்காவோடு கால், அதில் பாதி நேரம் கேமராவை அணைத்துவிட்டுச் சிப்ஸ்.

இந்த நாளில் எந்த இடத்தில் நீங்கள் தவறாக முடிவெடுத்தீர்கள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நியாயமான முடிவுதான். சாப்பாடு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மற்ற எல்லாவற்றுக்கும், நடப்பதற்கும் சமைப்பதற்கும் தூங்குவதற்கும், மெனக்கெட வேண்டியிருக்கிறது. நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி, மாரத்தஹள்ளியில் நடைபாதை என்பது பாதி இடத்தில் வண்டி நிறுத்துமிடம், மீதி இடத்தில் மூடியில்லாத சாக்கடை. சர்ஜாபூர் ரோடு ஆட்களுக்கு கைகொண்டரஹள்ளி ஏரிக்கரை இருக்கிறது, பழைய ஊரில் இருப்பவர்களுக்கு கப்பன் பூங்காவும் லால்பாக்கும் அல்சூர் ஏரியும். அங்கே போய்ச் சேரவே வண்டி எடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

உணவுக்குள்ளேயே நடந்த மாற்றமும் இருக்கிறது, இதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. அதே கெவின் ஹால் 2019-ல் இருபது பேரை ஒரு மாதம் ஆராய்ச்சி மனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் ஆன பாக்கெட் வகை உணவும், இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவும் கொடுத்தார். இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் வகை கிடைத்த நாட்களில் ஆளுக்கு நாளுக்கு சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது, இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. மனக்கட்டுப்பாடு அதே ஆட்களுடையதுதான், தட்டு மட்டும்தான் மாறியது. மென்மையாக இருப்பதால் வேகமாக உள்ளே போகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் பாக்கெட் காலி.

நம் வீட்டுச் சமையல் இதில் வராது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், எண்ணெயை மட்டும் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு. வருகிறவர்களிடம் நான் கலோரி கேட்பதில்லை, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்பேன். பானஸ்வாடியில் கணவன், மனைவி, மாமியார் என மூன்று பேர் உள்ள ஒரு வீட்டில், ஐந்து லிட்டர் கேன் ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும் என்றார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 8,200 கலோரி, ஐந்து லிட்டர் 41,000, மூன்று பேருக்கு முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளுக்கு 455 கலோரி, எண்ணெயில் மட்டும். "நாங்க பொரிக்கவே மாட்டோமே மேடம்" என்றார் அந்த அம்மா. உண்மைதான், பொரிக்கவில்லை. தோசைக்கு ஓரம் சுற்றி ஒரு கரண்டி, திருப்பிப் போட்டதும் இன்னொரு அரைக் கரண்டி, உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கு நாலு கரண்டி, வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும் என்பது பரம்பரை விதி. அந்த விதி எண்ணெய் தூக்கில் வந்த காலத்தில் எழுதப்பட்டது, வருடத்துக்குச் சில தடவை வத்தக்குழம்பு வைத்தவர்களால். நாடு இன்று தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது, அதில் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியா பாமாயில். ஏழை வீட்டுக்கு எண்ணெய் எட்டியது நல்ல விஷயம்தான், அளக்கும் பழக்கம் அதோடு போய்விட்டது என்பதுதான் தொல்லை.

அப்புறம் பருப்பு. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு 2025-ல் சொன்னது, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை. நம் தட்டில் சாம்பார் இருக்கிறதே என்பார்கள். நாலு பேர் சாம்பாரில் போடும் பருப்பு ஒரு டம்ளர்கூட இராது, அது சோற்றுக்கு நிறம் கொடுக்கிறது, அவ்வளவுதான். புரதம் போதவில்லை என்றால் அது கிடைக்கும் வரை உடல் பசியைக் காட்டிக்கொண்டே இருக்கும், அதற்காக நாம் மொத்தமாக அதிகம் சாப்பிடுகிறோம் என்று சிம்ப்ஸன், ரௌபன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். முழுக்க நிரூபணமான விஷயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணி பிஸ்கட் தேவைப்படவில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல், பெசரட்டு, அடை. அடையைக் கெட்டியாக ஊற்றுங்கள், எண்ணெயை அல்ல.

சரி, சோறும் எண்ணெயும் உலகம் முழுக்கத் தின்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் வயிறு? இதற்கு ஒரு பிரபலமான படமே இருக்கிறது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படம், 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண், ஒன்றேதான், 22.3. உடலில் கொழுப்பு மட்டும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. அதாவது நம் ஆட்கள் பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கும், அதுவும் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி. கருவில் இருக்கும்போது தாய்க்குச் சத்து போதாமல் சிறிதாகப் பிறக்கும் குழந்தை தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது யாஜ்னிக் போன்றவர்கள் தரும் விளக்கம். உங்கள் தாத்தா பாட்டி காலத்துப் பட்டினியின் கணக்கு உங்கள் இடுப்பில் வந்து நிற்கிறது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

அதனால்தான் நமக்கு அளவுகோலே வேறு. வெள்ளைக்காரர்களுக்கு பிஎம்ஐ 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்திய மருத்துவர்கள் 23-ஐயும் 25-ஐயும் வைத்திருக்கிறார்கள். உங்களுடையது 29. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது, பேன்ட் அளவை நம்பாதீர்கள், பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுப் பல வருடமாயிருக்கும், தொப்புள் மட்டத்தில் டேப் வையுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் பிஎம்ஐ 25-ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் நாடு முழுக்கப் பெண்களில் 24 சதவீதம், ஆண்களில் சுமார் 23. கர்நாடகாவில் இருபாலரிலும் 30-ஐ ஒட்டி. தமிழ்நாட்டில் பெண்கள் 40.4, ஆண்கள் 37. ஊரிலேயே அப்படி இருக்கும்போது, பெங்களூரு வந்ததால்தான் குண்டானேன் என்று சொல்லவும் வழியில்லை.

தூக்கத்தை யாரும் கேள்வியில் எழுதுவதே இல்லை. சிகாகோவில் எஸ்ரா தசாலி என்ற மருத்துவரின் குழு 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் எண்பது பேரில் ஒரு பாதிப் பேருக்குத் தூக்கத்தை மட்டும் நீட்டிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாளுக்கு சுமார் 270 கலோரி குறைந்தது. உங்கள் 360-ல் முக்கால் பங்கு. நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஆட்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, அவர்கள் பிழைப்பே அது.

இனி அந்த ஆறு மாத விஷயம். எடை குறைந்தால் கொழுப்புத் திசுவிலிருந்து வரும், பசியை அடக்கும் லெப்டின் என்ற சுரப்பு குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு ஏறுகிறது. மெல்போர்னில் பத்து வாரம் கடுமையான டயட்டில் எடை குறைத்த ஐம்பது பேரை ஒரு வருடம் கழித்து அளந்தபோதும் இந்தச் சுரப்புகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, பசியும் குறையவில்லை. இது 2011. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தார்கள், பெரும்பாலான எடை திரும்ப வந்திருந்தது, அப்போதும் அவர்கள் உடல் சும்மா இருக்கையில் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 குறைவு. கொழுப்புச் செல்களோ வளர்ந்தவர்களிடம் எண்ணிக்கையில் குறைவதே இல்லை, சுருங்கிக் காத்திருக்கின்றன. ஏறுவதை உடல் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, இறங்குவதை மட்டும் பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எதிர்க்கிறது. திரும்ப ஏறியது உங்கள் உடம்பு ஒழுங்காக வேலை செய்ததற்கு அடையாளம். இதை அப்பாவிடம் காட்டுங்கள்.

வீட்டு மனிதர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா ஊரிலிருந்து வரும்போது இரண்டு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம், வந்து இறங்கியதும் "இளைச்சுட்டியேடா". அதே அம்மா மாதக் கடைசியில் "தொப்பையைப் பாரு". பெண்களுக்கு இன்னும் மோசம், பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் நெய்யும் லேகியமும் ஊட்டி அசையவிடாமல் வைத்துவிட்டு, நாலாம் மாதம் முதல் கல்யாண வீடுகளில் கேலி. கேலி யாரையும் இளைக்க வைத்ததில்லை. கேலிக்குப் பயந்து மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டு, சர்க்கரை 300-ல் வந்து நிற்கிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், மனசைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தடைகளைத் திரும்ப வையுங்கள். அரைக் கரண்டி ஒன்றை எண்ணெய் டப்பாவுக்குள்ளேயே போட்டுவையுங்கள், ஆளுக்கு மாதம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்குள் முடிய வேண்டும். மிக்சர் டின்னை ஊரிலிருந்து வந்த அன்றே ஆபீஸுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் இருந்தால் தின்போம், யாராக இருந்தாலும். ஆர்டர் செய்யும் ஆப்பில் பதிந்து வைத்த கார்டை நீக்குங்கள், ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தட்ட வேண்டியிருந்தாலே பாதி ஆர்டர் விழாது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டுக்குள் முடிக்க வழியில்லையென்றால் ஆறு மணிக்கு ஆபீஸிலேயே சுண்டலோ இரண்டு முட்டையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், வீட்டுக்கு வரும்போது பசி வெறியாக இராது. காபியை விட வேண்டாம், இந்த ஊரின் பை-டூ வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு காபியை இரண்டு பேர் பிரித்துக் குடிப்பதைக் கண்டுபிடித்தவன் எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரையும்விட அதிக நன்மை செய்திருக்கிறான். மெட்ரோ எட்டும் தூரத்தில் இருந்தால் கேப்பை விடுங்கள், ஸ்டேஷனுக்கு நடப்பதும் படியேறுவதும் தனியாக நேரம் கேட்காத நடை. வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள், இளைப்பதற்காக இல்லை, இளைக்கும்போது தசை போகாமல் இருக்க.

எவ்வளவு குறைய வேண்டும்? 69-க்குத் திரும்புவது உங்கள் இலக்காக இருந்தால் மறந்துவிடுங்கள். நாலைந்து கிலோ குறைந்து அங்கேயே இரண்டு வருடம் நின்றால் அது பெரிய வெற்றி. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடையும் உணவு மாற்றமும் மட்டும் சொல்லிக்கொடுத்த பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, சுவாரசியம் என்னவென்றால், அவர்கள் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. எடை இயந்திரத்தின் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் இதை எழுதி அந்த இயந்திரத்தின் மேல் ஒட்டி வைக்கலாம்.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி எப்படியும் அடுத்ததாகக் கேட்பீர்கள். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வேலை செய்கின்றன, வீகோவியில் உள்ள செமாகுளுடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் வரை எடையைக் குறைத்தது, நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசியையே மாற்றும் மருந்து இப்படி வேலை செய்கிறது என்பதே, பிரச்சினை ஒழுக்கத்தில் இல்லை என்பதற்குப் போதுமான சாட்சி. ஆனால் நண்பனின் நண்பன் வாங்கித் தருகிறான் என்று போட்டுக்கொள்கிற சாமான் இல்லை அது. உங்கள் பிஎம்ஐ 29-க்கு இப்போதைக்கு முதலில் செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை: மூன்று மாதச் சர்க்கரை சராசரி, கொழுப்பு அளவுகள், கல்லீரல், தைராய்டு. தைராய்டு குறைவு என்று வந்தாலும் 15 கிலோவுக்கும் அதுவே காரணம் என்று நிம்மதியடைய வேண்டாம், வழக்கமாக அதன் பங்கு சில கிலோதான். மனநலத்துக்கோ வலிப்புக்கோ ஸ்டீராய்டு வகையிலோ ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சில மருந்துகள் எடையை ஏற்றும், மாற்று உண்டா என்று கேட்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முடிவுகள் வந்ததும், மாத எண்ணெய்க் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.